முறி

எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் முறி என்றால் பத்திரம்.
யார் யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதி, யார் சாட்சி.
காரைக்குடி ஆய்வகத்தில் எனக்குச் சம்பளம் தந்த முறி வேறு:
உலோகம் உடைந்த இடம்.

மாஸ்கோவிலிருந்து கப்பல் தபாலில் சஞ்சிகை வரும்.
மட்டக் காகிதம், மண்ணெண்ணெய் வாடை.
அஞ்சல்வழி படித்த அரைகுறை ருஷ்யனில்
அரிப்புப் பிரிவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பேன்,
பக்கத்துக்கு நாலு ரூபாய் தனி.

எண்பத்தொன்று, சித்திரை. மின்வெட்டு.
உள்ளங்கை ஈரத்தில் கார்பன் தாள் ஒட்டுகிறது.
கட்டுரை சொல்கிறது:
இயக்கத்தில் இருந்த ஒரு பொருளின் கீழ்த்தகட்டில்
சிதைவு நிகழ்ந்தது.
எந்தப் பொருள்? இல்லை.
எங்கே? இல்லை.
எத்தனை பேர்? அந்தக் கேள்விக்கே இடமில்லை.
நட்டம் எழுதாத பேரேட்டை
எங்கள் தெருவில் யாரும் கையால் தொடமாட்டார்கள்.
ஆனால் ருஷ்யனில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்கும்,
தமிழிலும் நிற்கும்,
அதனால் மொழிபெயர்க்கச் சிரமமே இல்லை.

படம் மூன்று.
ஆணித்துளை விளிம்பில் கடுகளவு அரிப்பு.
அதிலிருந்து விசிறியாய்க் கோடுகள்,
ஊருணி வற்றும்போது படிக்கல்லில்
நீர் விட்டுப்போகும் வரிகள் மாதிரி.
அடியில்: ஒரு கோடு, ஒரு சுமைச் சுற்று.
சுமைச் சுற்று என்று தட்டிவிட்டேன்.
பிறகுதான் கை நின்றது.
ஏறி இறங்கினால் ஒரு சுற்று.
இது ஓர் இறக்கை.

அப்படியானால் ஒவ்வொரு கோடும்
பத்திரமாய்த் தரையிறங்கிய ஒரு பயணம்.
யாரோ தொப்பியைச் சரிசெய்துகொண்டு
பனியில் இறங்கி நடந்தார்.
யாரோ ஆப்பிள் கூடையை மறந்துவிட்டுத் திரும்பி ஓடினார்.
ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
அதைத்தான் உலோகம் குறித்துவைத்தது.

லென்ஸ் வைத்து எண்ணினேன், அறுநூற்றுச் சொச்சம் வரை.
போகப்போகக் கோடுகள் விலகின,
விலகி விலகி
கடைசியில் கோடே இல்லாத கரடு,
செம்பொறையைக் கடப்பாறையால் பெயர்த்த முகம்.
அதற்குக் கட்டுரை வைத்த பெயர் எச்சப் பரப்பு.
எச்சம் என்றால் நமக்கு முடியாத வினை.
விட்டுச்சென்ற பிள்ளையும்.

டாக்டர் பஞ்சநதம் தாளைப் புரட்டினார்.
"உப்புச் செறிவு எவ்வளவு? அது போதும் நமக்கு."

என் தம்பி வயிரவன் அப்போது
அதே தேசத்து விமானமொன்றில்
சண்டிகரிலிருந்து லேக்கு அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான்.
எழுதினேன்: இறக்கையின் அடித்தகட்டில்
ஆணித்துளைகளை யாராவது பார்க்கிறார்களா, கேள்.
மூன்று வாரம் கழித்துப் பதில்:
அக்கா, அங்கே கை நுழையாது. மேலே புதுப் பெயின்ட்.
நேற்றும் பத்திரமாய் இறங்கினோம்.

அந்தக் கடிதத்தோடு சைக்கிளில் போனேன்,
செட்டிநாட்டு ஸ்டேஷனுக்கு அப்பால்
யுத்தகாலத்து ஓடுபாதைக்கு.
ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.
சிமெண்டிலும் வெடிப்பு, அதில் நெருஞ்சி.

ஏழெட்டு வருடம் கழித்து அந்தத் தேசம் வாய் திறந்தது.
சஞ்சிகையின் காகிதம் மட்டும் மாறவில்லை.
இறக்கையில் பனி. தூங்காமல் வந்த விமானிகள்.
ஒருவன் நல்ல பகலில் திரையை இழுத்து மூடி,
பார்க்காமலே இறக்கிக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டினான்,
பின்னால் பயணிகள் உட்கார்ந்திருக்க.
எல்லாவற்றுக்கும் எழுவாய் கிடைத்தது.
என் படம் மூன்றுக்குக் கிடைக்கவில்லை.

வயிரவன் ஓய்வு பெறும்வரை எழுதினான்,
ஒவ்வொன்றிலும் அதே வரி, பத்திரமாய் இறங்கினோம்.
முறிகளோடு பெட்டகத்தில் அடுக்கிவைத்தேன்.
இருநூற்றுப் பதினாலு.
வீட்டில் எல்லோருக்கும் அது சந்தோஷச் செய்தி.
எனக்கு, ஒவ்வொரு முறை உறையைப் பிரித்தபோதும்,
இன்னொரு கோடு.